மாளிகை நோய் குடிசைக்கு வந்தது ஏன்?

"நீரிழிவா? அது பங்களாவாசிக்கு வரும் நோயப்பா! நெய்யும் பாகும் விழுங்கிவிட்டு மெத்தையிலே புரளுகிறவனுக்கு வரும். மூட்டை தூக்குகிறவனுக்கு ஏன் வரப்போகிறது?"

ஆலை வாயிலிலே, தேநீர்க் கடையிலே இப்படிப் பேசுகிற தோழர்கள் இன்றும் உண்டு. பேசியவர்களிலே ஒருவர், சில ஆண்டுகள் கழித்துக் கால் விரலை இழந்து நிற்கிறார். இன்னொருவர் பார்வை மங்கி வேலையை இழக்கிறார்.

தோழர்களே! பணக்காரன் நோய் என்பது பழங்கதை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' ஆய்வு 2017-ல் சொன்னதைக் கேளுங்கள். நாட்டின் பல பகுதிகளில் இந்நோய் வசதி படைத்தோரிடமே மிகுதி. ஆனால் தமிழ்நாடு, மராட்டியம், சண்டிகர் ஆகிய இடங்களின் நகரங்களிலோ, வசதி குறைந்தவரிடமே அதிகம்! 2023-ல் அதே ஆய்வு தந்த கணக்குப்படி, நாடெங்கும் நீரிழிவு கொண்டோர் 10 கோடிக்கும் மேல்.

மாளிகையின் பொன்னும் பொருளும் குடிசைக்கு வரவில்லை. நோய் மட்டும் சமதர்மம் பேசிக்கொண்டு வந்துவிட்டது!

ஏன் வந்தது?

உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்திலே கலக்கிறது. அதை உடலின் அணுக்களுக்குள்ளே விடும் திறவுகோல், கணையம் சுரக்கும் இன்சுலின். திறவுகோல் குறைந்தாலும், பூட்டு துருப்பிடித்தாலும், சர்க்கரை உள்ளே போக வழியின்றி இரத்தத்திலேயே தேங்குகிறது.

1967-ல் அண்ணாவின் ஆட்சி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தந்தது. பசியை விரட்டத் தொடங்கிய அந்தப் பணியைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வயிறு நிறைந்ததே தவிர, தட்டு நிறையவில்லை. அரிசி கைக்கு வந்தது. பருப்பும் காயும் எட்டாத விலையிலே நிற்கின்றன. மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசி, நடுவே நாலைந்து சர்க்கரைத் தேநீர். ஏர் பிடித்த கை இயந்திரத்தின் முன்னே உட்கார்ந்துவிட்டது. இரவு ஷிப்டு உறக்கத்தைத் தின்கிறது. உழைப்பின் உருவம் மாறிற்று; உணவின் உருவம் மாறவில்லை!

"எனக்கு ஒரு நோவும் இல்லையே!" என்பீர்கள். அதுதான் இந்நோயின் சூழ்ச்சி. பகைவன் பறை கொட்டி வரவில்லை. பின்வாசல் வழியே வருகிறான். நரம்பு மரத்துப் போகிறது. ஆணி குத்தினாலும் தெரியாது, புண் அழுகிய பிறகே தெரியும். கண்ணும் சிறுநீரகமும் ஓசையின்றிக் கெடுகின்றன.

ஆகவே, முப்பதைத் தாண்டியவர் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தே ஆகவேண்டும். வெறும் வயிற்றிலே 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறு சோதனையிலும் உறுதியானால் நோய். 100 முதல் 125 வரை எச்சரிக்கை மணி. அந்த மணி அடிக்கும்போதே விழித்தால் தடுக்கலாம். சென்னையிலே மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலிலே நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. நடைப் பயிற்சியும் உணவு மாற்றமும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. தாயத்தல்ல, தகடல்ல, நடையும் உணவும்!

வந்துவிட்டவர் அஞ்ச வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். தட்டிலே பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்குதான் சோறு. சர்க்கரை இறங்கிவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இறக்கியதே அந்த மாத்திரைதான். இரவிலே உள்ளங்காலைப் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை கண்ணையும் சிறுநீரையும் சோதியுங்கள். மருந்து எடுப்பவருக்கு வேலை நேரத்தில் வியர்த்து, கை நடுங்கினால், உடனே சர்க்கரையை வாயிலே போடுங்கள். இயந்திரம் பிறகு ஓடட்டும்.

இன்சுலின் என்றால் இறுதிக் கட்டம் என்று நடுங்குவோரும் உண்டு. 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரிலே கண்டறியப்பட்ட உயிர்க்கொடை அது. கண்டவர்கள் 1923-ல் அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அறிவு பொதுச்சொத்து என்று செயலிலே காட்டியவர்கள்!

அந்த வழியிலே, மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொண்டு செல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலே தொடங்கப்பட்டது. ஆனால் மருந்து தேடி வந்தாலும், தினக்கூலித் தோழன் சோதனைக்குப் போனால் அன்றைய கூலி போகிறதே! சோதனை நாளுக்குக் கூலியோடு விடுப்பு என்பது தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலிலே ஏறவேண்டும்.

கிளைக் கழகத் தோழர்களே! கொடியேற்று விழாவுக்குப் பந்தல் போடுகிறீர்கள். அந்தப் பந்தலிலேயே ஆரம்பச் சுகாதார நிலையத்தாரை அழைத்துச் சோதனை முகாம் நடத்துங்கள். முதல் விரலைக் கிளைச் செயலாளர் நீட்டட்டும். வரிசை தானாக நீளும்!