திண்மநிலைச் சேமிப்பக நிலைபொருள் இற்றைப்படுத்தல்

நிலைபொருள் இற்றைப்படுத்தல் என்பது எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தினுள் இயங்கும் கட்டுப்பாட்டு நிரலைப் புதிய பதிப்பாக மாற்றுவதாகும். இந்நிரலில் வழு இருப்பின், நினைவகச் சில்லுகள் நல்ல நிலையில் இருந்தும் சேமிப்பகம் பழுதடைந்தது போலத் தோன்றும்.

2011 இல் வெளிவந்த குருசியல் எம்4 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மொத்தம் 5,184 மணிநேரம் இயங்கியபின் இது பதிலளிப்பதை நிறுத்தியது. இடைவிடாது இயங்கும் கணினியில் இது 216 நாட்கள் மட்டுமே. கணினியை மீளத் தொடக்கினால் ஒரு மணிநேரம் இயங்கி மீண்டும் நின்றது. இயங்கிய நேரத்தைக் குறிக்கும் எண்ணி தொடர்பான தவறான விடையே காரணம். சனவரி 2012 இல் வெளியான 0309 பதிப்பு இதனைச் சரிசெய்தது. அதுவரை கிடைத்த ஒவ்வொரு மணிநேரமும் கோப்புகளைப் படியெடுக்க உதவியது.

இற்றைப்படுத்தும் குறுவட்டு சேமிப்பகத்தைக் கண்டறியாவிடில், பயாசில் சாட்டா முறையை ஏ.எச்.சி.ஐ. இலிருந்து ஐ.டி.இ. ஆக மாற்றி முயலலாம். பணி முடிந்ததும் பழைய முறைக்குத் திருப்ப வேண்டும். இல்லையேல் விண்டோசு தொடங்காமல் போகலாம். யூ.எசு.பி. உறையிலிட்டு இற்றைப்படுத்துவது பெரும்பாலும் பயனளிப்பதில்லை.

எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டால் சேமிப்பகம் முற்றிலும் செயலிழக்கக்கூடும். எனவே மடிக்கணினியாயின் மின்னேற்றியை இணைத்திருத்தல் அவசியம். முடிந்தபின் கணினியை முழுமையாக அணைத்துத் தொடக்கி, பதிப்பு எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.