கடல் அவளா, அதுவா?

மருதமுனையைச் சேர்ந்த மாணவி ஒருத்தி அண்மையில் ஒரு தாளுடன் என்னிடம் வந்தாள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எங்கள் கரையைத் தாக்கியதைத் தன் மூத்தம்மா சொல்லக் கேட்டு, ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தாள். மூத்தம்மா சொன்னது இவ்வளவுதான்:

"கடல் வந்திச்சி. தோணியக் கொண்டு போயிட்டு. ஊர் அழுதிச்சி. பொறகு மையித்துகள அடக்கிச்சி."

மாணவி கடலையும் தோணியையும் 'ஷீ' என்றும், ஊரை 'இட்' என்றும் எழுதியிருந்தாள். "இங்கிலீசில கடலும் கப்பலும் பெண்தானே, சேர்?" என்றாள்.

ஆங்கிலத்தில் இடமும் பொருளும் பொதுவாக 'இட்' தான். 'ஷீ' என்பது பேசுபவர் அப்பொருளோடு கொண்ட உறவைக் காட்டும் தெரிவு. ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' (1952) நாவலில் முதிய மீனவர் கடலைப் பெண்ணாக எண்ணுகிறார். இளையோர் சிலர் அதனை ஆணாக்கி, எதிரி போலப் பேசுகின்றனர். கடல் ஒன்றே, உறவுதான் வேறு. மூத்தம்மா கடலைத் தாயென்று சொல்லவில்லை. நாம் அவர் வாயில் அச்சொல்லை வைப்பது முறையன்று. ஆகவே கடல் 'இட்'.

கப்பலைப் பெண்ணாகச் சொல்வது மாலுமிகளின் பழைய வழக்கு. இலண்டனின் கப்பற்றுறை நாளேடான 'லொயிட்ஸ் லிஸ்ட்' 2002இல் அதனைக் கைவிட்டு 'இட்'டுக்கு மாறியது. எனினும் அவ்வழக்கு முற்றாக மறையவில்லை. "தோணி மூத்தம்மாவுக்கு என்ன உறவு? கேட்டு வா" என்று அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "அதுதான் எங்களுக்குச் சோறு போட்டதாம், சேர்." தோணிக்கு 'ஷீ' இருக்கட்டும் என்றேன்.

இனி ஊர். ஊர் என்பது இங்கு இடவாகுபெயர். அழுததும் அடக்கியதும் ஊரவர். மக்களைச் சுட்டும் 'உலகம்' போன்ற சொற்கள், பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபே கொள்ளும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதித்துள்ளார். ஆதலால் தமிழில் "ஊர் அடக்கிச்சி" என்பதில் ஒரு குறையும் இல்லை. கேட்பவர் மனத்தில் மனிதரே தோன்றுவர். ஆங்கிலத்தில் 'இட்' என்றால் மனிதர் மறைந்து, மண்ணும் மதிலுமே எஞ்சும். அங்கே 'அவர்கள்' எனப் பொருள்படும் 'தே' வரவேண்டும்.

சுட்டுப்பெயர் சிறு சொல்தான். ஆயினும் தம் உறவினரைத் தம் கைகளாலேயே அடக்கியவர்களை அது மறைத்துவிடலாகாது. மாணவி அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, 'தே' என்று எழுதினாள்.