சிப்பிக்குள் ஒரு ஹெச்

பிரெஞ்சு விருந்தில் முதன்மை உணவுக்கு முன்னால் வரும் சிறுதீனிக்கு ஒர்தெவ்ர் என்று பெயர். எழுதினால் 11 எழுத்து. உச்சரித்தால் ஆறே ஒலி. முதலில் நிற்கும் ஹெச், நடுவிலுள்ள எஸ், கடைசி இ ஆகிய மூன்றும் வாயே திறப்பதில்லை. ஓ, இ, யூ மூன்றும் கூடி ஒரே உயிரொலி ஆகின்றன. 'வேலைக்குப் புறம்பானது' என்பது பொருள். வேலை ஒன்றுதானே? அதனால் தட்டுகள் எத்தனை வந்தாலும் பிரெஞ்சில் பன்மை எஸ் சேர்ப்பதில்லை. ஆங்கிலேயர்தான் தாராளமாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

பேசாத எழுத்துக்கு ஏன் இத்தனை மரியாதை? இதற்கு நல்ல சாட்சி, அதே மேசையில் எலுமிச்சைத் துண்டோடு வரும் சிப்பி. பிரெஞ்சில் அது உயித்ர். அதன் தலையிலும் ஊமை ஹெச் ஒன்று உண்டு. மூலமான இலத்தீன் சொல்லில் அது கிடையாது. இடைக்காலத்தில் ஏடு எழுதியவர்களுக்கு யூவும் வியும் ஒரே வடிவம். ஹெச் இல்லாமல் எழுதினால் சிப்பியை வித்ர், அதாவது சன்னல் கண்ணாடி, என்று படித்துவிட வாய்ப்புண்டு. முன்னால் ஹெச் நின்றால் அடுத்தது யூதான் என்பது உறுதி. எட்டுக்கும் எண்ணெய்க்கும் இதே காவல் போட்டார்கள். பிரெஞ்சு அகாதெமி 1762-இல் தன் அகராதியில் யூவையும் வியையும் பிரித்துவிட்டது. ஆபத்து போயிற்று, காவலாளி போகவில்லை.

சிப்பியின் நடுவில் ஐ மீது ஒரு கூரைக் குறியும் இருக்கிறது. அது மறைந்துபோன எஸ்ஸின் நினைவுக் கல். ஒலி தேய்ந்த பிறகும் ஏட்டில் தங்கியிருந்த எஸ்ஸைப் பல சொற்களிலிருந்து 1740-ஆம் ஆண்டு அகராதி நீக்கி, முந்தைய உயிரெழுத்தின் மேல் இந்தக் குறியை வைத்தது. அரைத்த இறைச்சியில் செய்யும் பாத்தே என்ற பண்டத்துக்கும் அப்படித்தான் குறி வந்தது. ஆங்கிலம் அந்த வேரிலிருந்து முன்பே கடன் வாங்கிவிட்டதால் எஸ்ஸை இழக்கவில்லை. நாம் காலையில் பல் துலக்கும் பேஸ்ட், பாத்தேயின் ஒன்றுவிட்ட சகோதரன்!

1990-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யூ மீதுள்ள கூரைகளைப் பெரும்பாலும் விருப்பத்துக்கு விட்டது. பாத்தேயின் கூரை ஏ மீது இருப்பதால் தப்பியது. சிப்பியை இப்போது கூரையோடும் எழுதலாம், கூரை இல்லாமலும் எழுதலாம், இரண்டும் சரி. ஹெச்சை விட்டால்தான் பிழை.