உரிமம் கேட்கும் காற்றுத் துப்பாக்கி

பிரிட்டனில் ஒரு காற்று ரைபிளைக் கடையில் எளிதாக வாங்க முடியுமா, அல்லது காவல்துறையின் அனுமதி வேண்டுமா என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது: 12 அடி-பவுண்டு. குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும்போது அதனிடம் உள்ள ஆற்றலின் அளவு அது. நம் கணக்கில் சுமார் 16.3 ஜூல். இதைத் தாண்டும் ரைபிளை 1969-ஆம் ஆண்டு விதிகள் தனி ஆபத்துள்ள வகையாக வகுத்தன. வரம்புக்குள் இருப்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயது நிரம்பியவர் உரிமமில்லாமலே வாங்கலாம். வரம்பைத் தாண்டினால், 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி, மான் வேட்டை ரைபிளுக்கு வேண்டிய அதே சான்றிதழ் இதற்கும் வேண்டும். அந்தச் சான்றிதழின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இத்தகைய ரைபிளை ‘எஃப்.ஏ.சி. ஏர் ரைபிள்’ என்பார்கள். சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஐக்கிய இராச்சியத்தின் மற்ற பகுதிகளில் பிடி இன்னும் இறுக்கம். ஸ்காட்லாந்தில் 2016-ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து, வரம்புக்குள் உள்ள சாதாரணக் காற்றுத் துப்பாக்கிக்கும் தனிச் சான்றிதழ் கட்டாயம். வட அயர்லாந்தில் 1 ஜூலைத் தாண்டினாலே உரிமம் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு: இந்தியாவின் 2016 ஆயுத விதிகள் 20 ஜூல் ஆற்றலையும் 0.177 அங்குலக் குழல் விட்டத்தையும் எல்லையாக வைத்துள்ளன.

ஆற்றல் என்பது குண்டின் எடையையும் வேகத்தையும் சேர்த்துப் போடும் கணக்கு. ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள 0.22 அங்குல ஈயக் குண்டு நொடிக்கு 177 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் 12 அடி-பவுண்டைத் தொட்டுவிடும். தயாரிப்பாளர் பெட்டியில் அச்சிட்டிருப்பதைச் சட்டம் பொருட்படுத்தாது. ஏதேனும் ஒரு வகைக் குண்டைப் போட்டால் அந்தத் துப்பாக்கி வரம்பைத் தாண்டக்கூடியதா என்பதே கேள்வி. எனவே, சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் வேகமானி ஒன்றை வாங்கி அவ்வப்போது சோதித்துக்கொள்கிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றியதாலோ புதுவகைக் குண்டு போட்டதாலோ தெரியாமலே வரம்பு மீறினாலும் குற்றம் குற்றமே.

காற்றின் வலிமை இன்று கண்டுபிடித்ததல்ல. 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் ஜிரார்டோனி என்பவரின் காற்று ரைபிளைப் படையில் சேர்த்தது. வடஅமெரிக்காவைக் குறுக்கே கடந்த லூயிஸ்–கிளார்க் குழுவிடமும் ஒரு காற்று ரைபிள் இருந்தது. இன்றைய ரைபிள்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில், சுருக்கிய ஸ்பிரிங் விடுபட்டு உந்துதண்டைத் தள்ளி, அந்த நொடியிலேயே காற்றை அழுத்துகிறது. ஆற்றலைக் கூட்டக் கூட்ட ஸ்பிரிங்கின் உதைப்பும் கூடும், குறி தவறும். ஆகவே உரிம வகை ரைபிள்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை: முன்கூட்டியே காற்றை நிரப்பி வைப்பவை. குழலுக்குக் கீழுள்ள உருளையில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்படும். கார் டயரில் இருப்பதைவிட இது ஏறத்தாழ நூறு மடங்கு. முக்குளிப்போர் முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரிலிருந்தோ கையடிப் பம்பினாலோ அதை நிரப்புவார்கள். விசையை அழுத்தினால் சிறு சுத்தி வால்வைத் தட்டி, ஓர் அளவு காற்றை மட்டும் வெளியே விடும். உதைப்பு மிகக் குறைவு. ஆனால் வலுவைக் கூட்டினால் ஒவ்வொரு சூட்டுக்கும் அதிகக் காற்று செலவாகும். 12 அடி-பவுண்டு ரைபிளை 30-க்கு உயர்த்தினால், ஒருமுறை நிரப்பியதில் கிடைக்கும் சூடுகள் பாதிக்கும் கீழே போய்விடும்.

வலு கூடினால் அதை வேகமாக மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். அதற்கு இயற்கையே தடை போடுகிறது. ஈயக் குண்டு இடுப்பு ஒடுங்கி, பின்புறம் பாவாடைபோல் விரிந்திருக்கும். பூப்பந்து இறகைப் போலக் காற்றின் இழுப்பால் நேராகப் பறக்கும். ஒலியின் வேகமான நொடிக்கு 340 மீட்டரை நெருங்கும்போது அது தள்ளாடத் தொடங்கும். எனவே கூடுதல் ஆற்றலைக் கனமான குண்டுக்குச் செலவிடுவதே வழக்கம். 1.6 கிராம் குண்டை நொடிக்கு 224 மீட்டர் வேகத்தில் அனுப்பினால் ஏறத்தாழ 30 அடி-பவுண்டு. 0.25, 0.30 அங்குலக் குழல்கள் இந்த உலகில் பிரபலமானதற்கும் இதுவே காரணம்.

இவ்வளவு செய்து கிடைப்பதென்ன? தூரம், அதுவும் ஓரளவுதான். சாதாரண 0.22 ரைபிளை 30 கஜத்துக்குக் குறி பொருத்தினால், 50 கஜத்தில் குண்டு நாலைந்து அங்குலம் கீழிறங்கும். வழக்கமான இலக்கான முயலின் கண்ணுக்கும் காதுக்கும் இடையே மூளை இருக்கும் பகுதியோ ஓர் அங்குலம் சொச்சம். தூரத்தைக் கணிப்பதில் சிறு பிழை நேர்ந்தால் விலங்கு காயத்தோடு ஓடி, பொந்துக்குள் கிடந்து சாகும். வலுவான ரைபிள் இந்தச் சரிவைக் குறைக்கிறது. பக்கக் காற்று தள்ளும் அளவையும் குறைக்கிறது. தப்பான இடத்தில் பட்ட குண்டைச் சரியாக்க அதனால் முடியாது. இந்த வேறுபாட்டை மறந்து, உரிமம் கிடைத்ததும் நூறு கஜத்தில் சுடலாம் என்று கிளம்புகிறவர்களால்தான் தொல்லை.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது ரிம்ஃபயர் எனப்படும் சிறிய வெடிமருந்து ரைபிள். அதன் ஆற்றல் நூறு அடி-பவுண்டைத் தாண்டும். குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் போகக்கூடும். கல்லிலோ ஈரத்தரையிலோ பட்டுத் தெறித்துத் திசைமாறும். குதிரை லாயமும் பக்கத்து வீடும் நெருங்கிய சிறு பண்ணையில் அதைப் பயன்படுத்துவது கடினம். உரிமக் காற்று ரைபிளுக்கு இந்த இடைவெளியில்தான் உண்மையான வேலை: களஞ்சியத்துக்கு வெளியே, நாற்பதிலிருந்து அறுபது கஜத்துக்குள் மேயும் முயல். களஞ்சியத்துக்குள் எலி அடிக்க அது தேவையே இல்லை. பதினைந்து கஜத்தில் எலிக்குச் சாதாரண ரைபிளே போதும். அதிக வலு அங்கே தகரக் கூரையைத் துளைத்துத் தண்ணீர்த் தொட்டியையும் ஓட்டையாக்கும். மரக்கிளையில் உள்ள அணிலை மேல்நோக்கிச் சுடுவதும் அப்படித்தான். தவறிய குண்டைத் தடுக்கப் பின்னால் எதுவுமில்லை. அனுபவசாலிகள் அடிமரத்தில் தீனிப்பெட்டி ஒன்றைக் கட்டி, அணிலை அங்கே வரவழைத்து, அந்த மரத்தையே தடுப்பாக வைத்துச் சுடுகிறார்கள்.

எந்த உயிரைச் சுடலாம் என்பது வேறு சட்டத்தின் வேலை. முயலைக் கட்டுப்படுத்துவது 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி, இங்கிலாந்து, வேல்ஸின் பெரும்பகுதியில் நிலத்தை அனுபவிப்பவரின் கடமையாகவே இருக்கிறது. சாம்பல் அணில் 1876-இல் செஷயர் பகுதியில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. மரப்பட்டையை உரித்து இளங்காடுகளைக் கெடுக்கிறது, மண்ணுக்குரிய செவ்வணிலுக்கு அம்மை நோயையும் பரப்புகிறது. செவ்வணிலோ 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. ஆகவே இரண்டும் வாழும் பகுதியில் அடையாளம் தெரியாமல் விசையைத் தொடக்கூடாது. பறவைகள் அனைத்துக்கும் அதே சட்டம் பொதுவான பாதுகாப்பு தருகிறது. பயிரை அழிக்கும் மரப்புறா, காகம் போன்ற சிலவற்றைச் சுடப் ‘பொது உரிமம்’ உண்டு. அதற்கு விண்ணப்பம் வேண்டாம், நிபந்தனைகளைப் பின்பற்றினால் போதும். 2019 ஏப்ரலில் இந்தப் பொது உரிமங்கள் மூன்றை நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பு திடீரெனத் திரும்பப் பெற்றது. வைல்ட் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு தொடுத்த சட்டச் சவாலே காரணம். நடவுக் காலத்தில் உழவர்கள் திகைத்துப்போனார்கள். கடுமையான நிபந்தனைகளோடு புதியவை பின்னர் வந்தன.

சான்றிதழ் பெறும் வழி மெதுவானது. விண்ணப்பத்தோடு இருவரின் பரிந்துரை வேண்டும். மருத்துவர் உடல், மன நலம் பற்றிய விவரம் தர வேண்டும். 2021 ஆகஸ்டில் பிளிமத் நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, அவ்வாண்டு நவம்பரில் மருத்துவச் சான்று இல்லாமல் உரிமம் கொடுப்பதில்லை என்ற விதி வந்தது. முதல்முறைக் கட்டணம் 2025 பிப்ரவரியில் 88 பவுண்டிலிருந்து 198 பவுண்டாக உயர்த்தப்பட்டது. ‘தக்க காரணம்’ காட்டுவது மிக முக்கியம். வலுவான துப்பாக்கி பிடிக்கும் என்பது காரணமாகாது. யாருடைய நிலம், என்ன சேதம், சாதாரண ரைபிள் ஏன் போதாது என்பதைச் சொல்ல வேண்டும். நிலச் சொந்தக்காரரின் கடிதமும் வேண்டும். விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்து பேசி, துப்பாக்கிப் பெட்டகம் சுவரில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கிறதா, சாவி வேறு எவர் கைக்கும் எட்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். புதியவரின் சான்றிதழில், காவல்துறை ஏற்ற நிலத்தில் மட்டுமே சுடலாம் என்ற நிபந்தனை இருப்பது சகஜம். மறுக்கப்பட்டால் கிரௌன் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

சான்றிதழில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனிப்பதிவு உண்டு. வாங்கினாலும் விற்றாலும் ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் அதில் போடும் ஈயக் குண்டுக்கு எந்த உரிமமும் வேண்டாம்; ரிம்ஃபயர் தோட்டாவை எண்ணி எண்ணிக் கொடுக்கும் சட்டம் இங்கே மட்டும் கண்டுகொள்ளாமல் விடுகிறது. ஐந்தாண்டு முடிந்து புதுப்பிக்கும்போது பழைய கேள்விகள் மறுபடி வரும். அனுமதி தந்த பண்ணை கைமாறியிருந்தாலோ, இடையில் ரைபிள் பெட்டகத்திலேயே கிடந்திருந்தாலோ, காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை விண்ணப்பித்தவர்தான் காட்ட வேண்டும்.