இந்தியாவில் மகளிர் கிரிக்கெட்: 1973 முதல்

இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் 1973இல் தோற்றுவிக்கப்பட்டு, அதே ஆண்டில் பூனாவில் மாநிலங்களுக்கிடையிலான முதல் போட்டியை நடத்தியபோது, களமிறங்கியவை பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப்பிரதேசம் ஆகிய 3 அணிகளே. அவ்வளவு சிறிய தொடக்கத்திலிருந்து சில ஆண்டுகளுக்குள், சாந்தா ரங்கசாமி தலைமையிலான அணி 1976இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட் தொடரை (டெஸ்ட் என்பது பல நாள்கள் நீளும், ஒவ்வோர் அணியும் இருமுறை மட்டைபிடிக்கும் ஆட்டம்) ஆடி, பாட்னாவில் தன் முதல் டெஸ்ட் வெற்றியையும் பெற்றது வியப்புக்குரியது. 1978இல் உலகக் கோப்பையே இந்தியாவில் நடந்தது.

ஆயினும் சங்கத்திடம் போதிய நிதி இல்லாமையால், ஆட்டக்காரர்கள் முன்பதிவில்லாப் பெட்டிகளில் பயணம் செய்தும், பொதுக் கூடங்களின் தரையில் படுத்துறங்கியும் போட்டிகளுக்குச் சென்றனர். இத்தியாகம் உரிய அளவில் இன்னும் நினைவுகூரப்படவில்லை. அவர்களுக்கு நிலையான வேலையும் ஊதியமும் அளித்ததன் வாயிலாக, இந்திய ரயில்வே நெடுங்காலம் உள்நாட்டுப் போட்டிகளில் வலிமைமிக்க அணியாக விளங்கியது.

2006இல் ஆடவர் கிரிக்கெட்டை நிர்வகித்துவந்த இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் கீழ் மகளிர் ஆட்டமும் வந்தது. 2013 உலகக் கோப்பையில் சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி சதமடித்து, அத்தொடரின் வரலாற்றில் நூறு ரன் எடுத்த முதல் இந்தியப் பெண்ணானார். 2017 இறுதியாட்டத்தில் லார்ட்ஸ் திடலில் 9 ரன்னில் கைநழுவிய கோப்பை, 2025 நவம்பர் 2 அன்று, நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன் வேறுபாட்டில் வென்றபோது இந்தியாவுக்குக் கிடைத்தது.