ஜெபம் கொங்கணியில், பாடம் ஆங்கிலத்தில்: கோவா பங்குப் பள்ளிகளின் மொழிச் சிக்கல்

புதுதில்லி: கொங்கணியை ஆட்சிமொழியாக்கக் கோரி 1986 டிசம்பரில் தெற்குக் கோவாவின் சாலைகளை மறித்துப் போராடியவர்களில் கத்தோலிக்கர்களின் பங்கு பெரிது. அப்போராட்டத்தில் உயிர்கள் பலியாயின. கால் நூற்றாண்டு கழித்து, 2011-ல், அதே சமூகத்தைச் சேர்ந்த பெற்றோர் மீண்டும் வீதிக்கு வந்தனர். இம்முறை அவர்கள் கேட்டது, தங்கள் பிள்ளைகளின் தொடக்கப் பள்ளிகளில் கொங்கணிக்குப் பதிலாக ஆங்கிலம்.

தாய்மொழிக்காக ரத்தம் சிந்தியவர்கள் தாய்மொழியைக் கைவிட்டார்கள் என்று எதிர்த் தரப்பு ஏளனம் செய்தது. தேசியக் கட்சிகளின் தில்லித் தலைமையகங்களும் இதைச் சிறுபான்மையினர் வாக்கு வங்கிக் கணக்காகவே பார்த்தன. இரண்டுமே பாதி உண்மை. மீதி உண்மை, கோவாவின் கிராமங்களில் பங்குக் கோயிலை ஒட்டி நிற்கும் நான்கு வகுப்புத் தொடக்கப் பள்ளிகளில் இருக்கிறது.

அப்பள்ளிகளை வெறும் கல்விக்கூடங்கள் என்று சொல்லிவிட முடியாது. பல ஊர்களில் பள்ளியின் மேலாளர் பங்குத்தந்தைதான். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. எட்டு, ஒன்பது வயதில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகள், வாரநாளில் பக்கத்து பெஞ்சில் உட்காருபவர்களோடுதான் வரிசையில் நின்று அதை வாங்குகிறார்கள். கோவா மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி 25 சதவீதம். ஆனால் இப்பள்ளிகளின் பெஞ்சுகளில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு.

பள்ளியின் ஆண்டு ஊரின் ஆண்டோடு சேர்ந்தே சுழல்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது தென்மேற்குப் பருவமழையும் இறங்கியிருக்கும். அம்மாதம் 24-ம் தேதி புனித யோவான் திருநாள். பெரியவர்கள் பூவும் தழையும் பின்னிய வளையத்தைத் தலையில் சூடிக் கிணறுகளில் குதிக்கும் நாள் அது. பள்ளிச் சிறுவர்களை ஆசிரியைகள் வளையத்தோடு நிறுத்திக்கொள்ளச் செய்கிறார்கள். ஆகஸ்ட் 15 அன்று மூவர்ணக் கொடியேற்றமும் மாதா விண்ணேற்புத் திருப்பலியும் ஒரே நாளில் வருகின்றன. அதே மாதத்தில் பல பங்குகளில் முதல் நெற்கதிரை மந்திரித்துப் பீடத்தில் வைக்கும் புதுக்கதிர் விழா. அடுத்து விநாயகர் சதுர்த்தி விடுமுறை. கோவாவில் அது எல்லாப் பள்ளிகளுக்குமான பெரிய விடுமுறை.

டிசம்பர்தான் உச்சம். 3-ம் தேதி பழைய கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியார் திருவிழா, அதற்கு முன் ஒன்பது நாள் நவநாள், 19-ம் தேதி விடுதலை நாள், அதன்பின் குடில் கட்டும் போட்டி, நட்சத்திர விளக்குகள், கேரல் பாட்டு. ஆண்டு விழாவில் கொங்கணிக் குறுநாடகம் இல்லாவிட்டால் ஊர் ஏற்காது. 1892-ல் மும்பையில் பிறந்த 'தியாத்ர்' என்னும் மேடை நாடக மரபு இச்சமூகத்துக்கு அவ்வளவு நெருக்கமானது. பள்ளிக் கூரையைப் பழுது பார்க்கப் பணம் வேண்டுமா? பெற்றோர்-ஆசிரியர் சங்கம் 'ஹவுசி' ஆட்டத்துக்கு நாள் குறித்துவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். 16-ம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியர் காலப் பங்குகளில் ஜெபமும் எழுத்தும் இசையும் கற்பிக்கும் பள்ளிகள் தோன்றின. கோயிலின் பாடகர் குழுவை நடத்திய 'மெஸ்த்ரி' என்ற இசை ஆசிரியர், ஏழைப் பிள்ளைகளுக்கும் ஸ்வரக் குறிப்பு படிக்கவும் வயலின் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார். மும்பைத் திரையுலகின் பொற்காலத்துக்கு இசைக் கலைஞர்களைக் கொடுத்தது இந்த மரபுதான். மஜோர்தா கிராமத்து மெஸ்த்ரி ஒருவரின் மகனான அந்தோனி கொன்சால்வெஸ், இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் கற்பித்தவர். 1977-ல் வெளியான 'அமர் அக்பர் அந்தோனி' படத்தில் அமிதாப் பச்சன் ஏற்ற பாத்திரத்துக்கு அவர் பெயரே வந்து சேர்ந்தது.

இசைக்குக் கிடைத்த இந்தப் பரிவு மொழிக்குக் கிடைக்கவில்லை. 1684-ல் வைஸ்ராய் அல்வோர் பிரபு, உள்ளூர் மொழியை விட்டு மூன்றாண்டுகளில் போர்ச்சுகீசியத்துக்கு மாறுமாறு கிறிஸ்தவர்களுக்குக் கட்டளையிட்டார். கொங்கணி பள்ளியிலிருந்து வெளியேறி வீட்டிலும் வயலிலும் பாட்டிலும் ஜெபத்திலும் தங்கிக்கொண்டது. அங்கே அது ரோமன் எழுத்தில் எழுதப்பட்டது. ஜெபப் புத்தகம், செய்தித்தாள், தியாத்ர் பாட்டு எல்லாம் ரோமன் லிபிதான். இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் அரசியல் விளங்கும்.

சட்டம் ஏற்ற லிபி

1961-ல் கோவா விடுதலை பெற்றது. முதல் முதல்வர் தயானந்த் பந்தோட்கர் கிராமந்தோறும் தொடக்கப் பள்ளிகளைத் திறந்தார். அவற்றில் பெரும்பாலானவை மராட்டி வழிப் பள்ளிகள். அவருடைய மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி, கோவாவை மகாராஷ்டிரத்துடன் இணைக்க விரும்பிய கட்சி. அந்த இணைப்பை 1967 ஜனவரி 16-ல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தனர். கத்தோலிக்கப் பள்ளிகள் இக்காலத்தில் ஆங்கிலத்துக்கு நகர்ந்தன.

1987 பிப்ரவரியில் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. மே 30-ல் கோவா தனி மாநிலமானது. நாடாளுமன்றம் 1992-ல் 71-வது திருத்தத்தின் மூலம் மணிப்புரி, நேபாளி மொழிகளோடு கொங்கணியையும் எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. போராடிய கத்தோலிக்கருக்கு வெற்றிதான். ஆனால் கோவாவின் ஆட்சிமொழிச் சட்டம் கொங்கணி என்று வரையறுத்தது தேவநாகரியில் எழுதப்படும் கொங்கணியை. அவர்கள் எழுதிப் படித்த ரோமன் லிபிக்குச் சட்டத்தில் இடமில்லை. தெருவில் முழங்கிய மொழி, அரசாணையில் வேறு உடுப்பில் வந்து நின்றது.

1990-ல் கல்வி அமைச்சராக இருந்தவர் சசிகலா காகோட்கர். பந்தோட்கரின் மகள், முன்னாள் முதல்வர். தொடக்கப் பள்ளிகளுக்கு இனி கொங்கணி அல்லது மராட்டி வழியில் கற்பித்தால் மட்டுமே அரசு மானியம் என்று அப்போது முடிவாயிற்று. அன்றைய பேராயர் ரவுல் கொன்சால்வெஸ் தலைமையிலான மறைமாவட்டம் முரண்டு பிடிக்கவில்லை. அதன் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் ஆங்கிலத்தை விட்டுத் தேவநாகரிக் கொங்கணிக்கு மாறின. நாட்டின் கல்வி வரலாற்றில் ஒரு சிறுபான்மை நிர்வாகம் இவ்வளவு பெரிய மொழி மாற்றத்தை இவ்வளவு அமைதியாகச் செய்தது அபூர்வம். அதற்கு உரிய மதிப்பை அன்று எவரும் தரவில்லை, மொழிப் பற்றாளர்கள் உள்பட.

விளைவு வகுப்பறையில் தெரிந்தது. ரோமன் எழுத்தில் ஜெபம் படித்து வளர்ந்த தாய், தேவநாகரியில் அச்சான மகளின் கொங்கணிப் பாடத்தைப் படித்துக் காட்ட முடியாமல் திண்டாடினாள். பாட்டியின் புத்தகம் பேத்திக்குப் புரியாது. பேத்தியின் புத்தகம் பாட்டிக்குப் புரியாது. பேச்சு மட்டும் இருவருக்கும் ஒன்று. நான்காம் வகுப்பு முடிந்து ஐந்தில் கால் வைத்ததும் பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறின. வசதி படைத்தவர்கள், மானியத்தை விட்டுவிட்டு ஆங்கில வழியில் நீடித்த நகரத்துத் தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் செலுத்திப் பிள்ளைகளை அனுப்பினர். முழங்கிய தலைவர்கள் பலரின் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேயே படித்தனர் என்பது கோவாவில் இன்றுவரை சொல்லப்படும் குற்றச்சாட்டு. பங்குப் பள்ளியில் எஞ்சியவர்கள் மீனவர், விவசாயக் கூலி, கப்பல் ஊழியர், கார் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள்.

மானியம் என்பது இங்கே கணக்குப் புத்தகச் சொல் மட்டும் அல்ல. ஆசிரியை சம்பளம் அதிலிருந்து வருகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சமைத்துக் கொண்டுவரும் மதிய உணவு, பெரும்பாலும் பாவும் பாஜியும், அரசுப் பள்ளிக்கும் மானியம் பெறும் பள்ளிக்கும்தான் வருகிறது. மானியம் நின்றால் கட்டணம் வசூலிக்க வேண்டும். கட்டணம் வந்தால் அந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

2011-ல் திகம்பர் காமத் தலைமையிலான காங்கிரஸ் அரசு, ஆங்கில வழித் தொடக்கப் பள்ளிகளுக்கும் மானியம் உண்டு என்று முடிவெடுத்தது. மறைமாவட்டப் பள்ளிகள் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாறின. எதிர்ப்பும் பெரிதாகவே எழுந்தது. பாரதிய பாஷா சுரக்ஷா மஞ்ச் என்ற மேடையில் சசிகலா காகோட்கரும் ஆர்.எஸ்.எஸ். தலைவர் சுபாஷ் வேலிங்கரும் ஒன்றாக அமர்ந்தனர். அவர்களோடு கொங்கணி இயக்கத்தின் மூத்த தலைவர் உதய் பெம்ப்ரேயும் இருந்தார். 1980-களில் கத்தோலிக்கரோடு தோள் சேர்ந்து மராட்டி ஆதரவாளர்களை எதிர்த்தவர் பெம்ப்ரே. மொழிப் போரின் இரு எதிரிகள், மூன்றாவது மொழிக்கு எதிராகக் கைகோத்த காட்சி அது.

அவர்கள் வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. பொதுப் பணம் பொது மொழிக்கே போக வேண்டும். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருமாறு 1956-ல் ஏழாவது திருத்தம் சேர்த்த 350-ஏ பிரிவே சொல்கிறது. சில ஆயிரம் பேர் மட்டுமே பேசிப் படிக்கும் மொழியல்ல கொங்கணி, ஆனால் பள்ளி கைவிட்டால் அப்படி ஆகிவிடும் என்றனர். பாஜக இந்த எதிர்ப்பை ஆதரித்தே 2012-ல் ஆட்சியைப் பிடித்தது. முதல்வரான மனோகர் பாரிக்கர், சிறுபான்மை நிர்வாகங்களின் ஆங்கிலப் பள்ளிகளுக்கான மானியத்தை நிறுத்தவில்லை. புதிய ஆங்கிலப் பள்ளிகளுக்கு மட்டும் கதவை அடைத்தார். மதத்தின் பெயரால் ஒரு சலுகை என்று மஞ்ச் கொதித்தது. அரசியல் சாசனத்தின் 30(2) பிரிவு, சிறுபான்மை நிர்வாகம் என்பதற்காக மானியத்தில் பாகுபாடு கூடாது என்கிறது. சிறுபான்மை என்பதற்காகவே தனி மானியம் தரலாமா என்பது வேறு கேள்வி. பாரிக்கர் அதற்கு நேரான விடை சொன்னதில்லை.

2016 ஆகஸ்டில் வேலிங்கர் ஆர்.எஸ்.எஸ். பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். நாட்டில் வேறெங்கும் காணாத வகையில் மாநில ஆர்.எஸ்.எஸ். பிளவுபட்டது, அதுவும் நான்கு வகுப்புப் பள்ளிகளின் மானியத்துக்காக. அவர் தொடங்கிய கோவா சுரக்ஷா மஞ்ச் 2017 தேர்தலில் ஓர் இடத்தையும் பெறவில்லை. பாஜக சார்பில் வென்ற 13 பேரில் ஏழு பேர் கத்தோலிக்கர்கள். மானியத்தில் கை வைக்க எந்தக் கட்சிக்கும் ஏன் துணிவு வரவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நீதிமன்றம் சொன்னது

2014 மே 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கர்நாடக அரசின் மொழிக் கொள்கை தொடர்பான வழக்கில், தொடக்கப் பள்ளியில் தாய்மொழிவழிக் கல்வியை அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. குழந்தையின் தாய்மொழி எது என்று சொல்ல வேண்டியது பெற்றோர், அரசு அல்ல என்றும் கூறியது. அதே நாளில் வந்த மற்றொரு அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு, 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கின் சரித்தன்மையை மறுபரிசீலனை செய்யும் பொருட்டு, தமிழகம், மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஆசிரியர் தகுதித் தேர்வு வழக்குகளில் இரு நீதிபதிகள் அமர்வு 2025 செப்டம்பர் 1-ல் விஷயத்தைத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது. தில்லியில் எடுக்கப்படும் முடிவு, கோவாவின் பங்குப் பள்ளி ஆசிரியைகளின் பணித் தகுதிவரை நீளக்கூடியது. 2020-ம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையோ, இயன்றவரை ஐந்தாம் வகுப்புவரையாவது வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது.

எந்த வீட்டின் மொழி என்பதுதான் இப்போதைய சிக்கல். 1961-க்கு முன் கோவாவில் பிறந்தவர்களும் அவர்கள் சந்ததியினரும் போர்ச்சுகீசியக் குடியுரிமை பெறலாம் என்பதால், கத்தோலிக்கக் குடும்பங்கள் பல லிஸ்பனுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்துவிட்டன. குழந்தைகள் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. காலியான பெஞ்சுகளில் கட்டடத் தொழிலாளர்களின் பிள்ளைகள் உட்காருகிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம், இந்தி, ஒடியா. 1986-ல் போராடியவர்களின் வாதமும் 2011-ல் போராடியவர்களின் வாதமும் இந்தப் பிள்ளைகளைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் கொங்கணி ஒரு பாடமாகத் தொடரும் வரை, அதை அவர்களும் விளையாட்டு மைதானத்தில் வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள், வகுப்பறையில் அல்ல.

2022-ல் அமைந்த கோவா சட்டப்பேரவையின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. ரோமன் லிபிக் கொங்கணிக்கும் சட்ட ஏற்பு வேண்டும் என்ற பழைய கோரிக்கையைத் தேர்தல் நெருங்க நெருங்கக் கட்சிகள் மீண்டும் எடுத்துப் பேசுவது அங்கே வழக்கம். பள்ளிகளுக்கோ அதற்குள் வேறு வேலை இருக்கும். ஜனவரியில் ஆண்டு விழா ஒத்திகை, பிப்ரவரியில் கார்னிவல் மாறுவேடம், பின் தவக்காலம், புதுநன்மைப் பயிற்சி. ஜூனில் மழையோடு புதிய முதல் வகுப்பு.