ஹைபிரிட் கார்களின் கியர்ப் பெட்டியும் அதன் எண்ணெயும்

இயந்திரத்தைப் பேணும் கலை வன்னிப் பெருநிலத்தார்க்குப் புதிதன்று. 1990ஆம் ஆண்டு முதல் எரிபொருட் தடை நிலவிய காலத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சிறிதளவு பெற்றோலால் இயக்கத் தொடங்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய அனுபவம் வடபுலத்தார்க்கு உண்டு. அப்பழைய வண்டிகளிடம் ஒரு நற்பண்பு இருந்தது. பல் தேய்ந்தால் கியர்ப் பெட்டி முனகும். கிளச்சு வழுக்கினால் கருகல் மணம் எழும். தம் நோயைத் தாமே அறிவித்தன. இன்று வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ-9 வீதியிற் செல்லும் ஹைபிரிட் கார்களோ ஓசை அடங்கியவை. ஓசையின்மையையே உடல்நலம் எனக் கொள்வது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்குத் தேவை உண்டு. நம் நாட்டிலுள்ள ஹைபிரிட் கார்களுட் பல, யப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்த பின் வந்தவை. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் உள்ள வண்டியையே பேணியாக வேண்டியிருந்தது. வாடகைக்கு ஓடும் காரே குடும்பத்தின் வருவாயாக உள்ளவிடத்து, கியர்ப் பெட்டி பழுதாதல் தொழிலிழப்பே ஆகும். அவ்வாறிருந்தும், “இவ்வெண்ணெய் ஆயுள் முழுவதற்கும் போதும்” என்னும் சொல்லை நம்பி அதனை மாற்றாது விடுவோர் பலர். யாருடைய ஆயுள் என்பதே வினா. முதல் உடைமையாளர் கையில் ஒரு வாழ்வை முடித்த வண்டி, இங்கு இரண்டாம் வாழ்வைத் தொடங்குகின்றது. பழைய எண்ணெய் அதற்கும் போதும் எனக் கொள்ள நியாயமில்லை.

ஹைபிரிட் எனும் ஒரே பெயரின்கீழ் வேறுபட்ட கியர்ப் பெட்டிகள் உள்ளன. 1997 டிசம்பரில் யப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் காரும், 2011இல் வந்த அக்குவாவும் ஓரினத்தவை. இவற்றின் உள்ளே கதிரவனைக் கோள்கள் சூழ்ந்தாற்போன்ற பற்சக்கரத் தொகுதி ஒன்றுண்டு. நடுச் சக்கரம் பிறப்பாக்கியோடும், கோட்சக்கரங்களைத் தாங்கும் சட்டம் எஞ்சினோடும், வெளி வளையம் காரின் சில்லுகளோடும் தொடர்புற்றுள்ளன. பிரியஸ் காரில் நடுச் சக்கரத்துக்குப் பற்கள் 30, வளையத்துக்கு 78. ஆதலின் எஞ்சினின் முறுக்குவிசையில் ஏறத்தாழ 72 வீதம் நேரே சில்லுகளை நோக்கியும், எஞ்சிய 28 வீதம் பிறப்பாக்கிக்கும் செல்கின்றது. இங்கே கியர் மாற்றும் கிளச்சும் இல்லை, பட்டையும் இல்லை. தேய்வு குறைவாயிருத்தற்குக் காரணம் இதுவே.

எனினும் குறைவு வேறு, இன்மை வேறு. பற்களும் தாங்கிகளும் தொடக்க ஓட்டத்திலேயே நுண்ணிய உலோகத் துகள்களை உதிர்க்கின்றன. அவை எண்ணெயிலேயே தங்கும். மேலும், அவ்வெண்ணெய் பற்களை வழுவழுப்பாக்குவதோடு மின்மோட்டாரின் கம்பிச் சுருள்களையும் குளிர்விக்கின்றது. மின்கசிவுக்கு இடங்கொடாத தன்மையும் அதற்கு வேண்டும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியியலார் கொள்ளும் பொதுக் கணக்கு. குளிர்நாட்டில் வைத்த தவணை வன்னி வெயிலுக்கு அப்படியே ஒவ்வாது என்பதை இதனால் உணரலாம்.

சுசுக்கி வகன் ஆர் முதலியவை வேறினத்தன. இரு கப்பிகளிடையே நெருக்குண்டு சுழலும் எஃகுப் பட்டை இவற்றின் விசையைக் கடத்துகின்றது. இங்கு எண்ணெய்க்கு இரட்டைக் கடமை உண்டு: தேய்வைத் தடுத்தல் வேண்டும், பட்டை வழுக்காது பற்றவும் துணைசெய்தல் வேண்டும். பொருந்தா எண்ணெய் ஊற்றின் பட்டை வழுக்கிக் கப்பியின் முகத்தைக் கீறிவிடும். அப்புண் பின்னர் நல்ல எண்ணெயால் ஆறாது. 2013இல் வந்த ஹொண்டா பிற் ஹைபிரிட் மூன்றாம் இனம். அதில் ஏழு கியர்களும் எண்ணெயில் நனையாத இரட்டைக் கிளச்சும் உள்ளன. 2014 ஒக்டோபருக்குள் அக்கார் யப்பானில் ஐந்து தடவை திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டது. அவற்றுட் சில இக்கியர்ப் பெட்டியின் கட்டுப்பாட்டு முறையைச் சார்ந்தவை. வற்றாப்பளைப் பொங்கல் போன்ற பெருந்திரளிடையே அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் இவ்வகைக் கிளச்சு சூடேறும். முன்வண்டி சற்று விலகும்வரை நின்று பின் செல்லுதலே நன்று.

நம் நிலத்துக்குரிய இடர்கள் வேறு இரண்டு உள. ஒன்று வெள்ளம். 2018 டிசம்பரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைச் சூழ்ந்தது போன்ற நீரில் நின்ற காரின் கியர்ப் பெட்டிக்குள், அதன் காற்றுப்போக்கித் துளை வழியே நீர் புகக்கூடும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்தது என அறிக. அந்நிலையில் வண்டியை இயக்காது எண்ணெயை வடித்தல் வேண்டும். மற்றையது, பழுதான காரைக் கயிறு கட்டி இழுத்தல். பிரியஸ் காரின் எண்ணெய்ப் பம்பியை எஞ்சினே சுழற்றுகின்றது. எஞ்சின் நின்றிருக்க முன்சில்லுகள் உருண்டால் பற்சக்கரங்களுக்குப் போதிய எண்ணெய் எட்டாது. மோட்டாரும் வேண்டாத மின்னைப் பிறப்பிக்கும். முன்சில்லுகளை நிலத்தினின்று உயர்த்தியே கொண்டுசெல்லல் வேண்டும்.

செய்யத்தக்கது எளிது. கார் எவ்வினத்தது என முதலில் அறிக. கைந்நூல் குறிக்கும் எண்ணெயையே வாங்குக; இரண்டாந் தலைமுறைப் பிரியஸ் காருக்கு டொயோட்டா குறிப்பது டபிள்யூ.எஸ். எனப்படும் வகை. எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்னும் விற்பனையாளர் சொல்லை ஏலாதிருத்தல் நலம். பழைய காரை வாங்கியவுடன் ஒருமுறை எண்ணெயை மாற்றிவிடுதல் தகும். மீற்றர் காட்டும் எண் முழு வரலாறு அன்று. மாற்றும்போது நிரப்பும் துளையின் மூடியை முதலிற் கழற்றுக. அது திறவாதாயின் வடித்தபின் நிரப்ப வழியிராது. சமதளத்தில் நிறுத்தி, கைந்நூல் கூறும் மட்டம் வரை ஊற்றுக. பிரியஸ் காருக்கு வேண்டுவது நான்கு லீற்றருக்கும் குறைவு. புதுக் கியர்ப் பெட்டியின் விலையோடு நோக்கின் அது மிகச் சிறு செலவே.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. இங்கு ஓடும் வண்டிகளின் எண்ணெய் எத்தனை கிலோமீற்றரில், எந்நிறத்தில், எத்துணைத் துகளோடு வடிகின்றது என மாணவர் சிலர் ஆண்டுதோறும் பதிந்து வருவாராயின், யப்பானியர் கைந்நூலில் இல்லாத வன்னிக்குரிய தவணை ஒன்று நம் கைக்கு வரும்.